மைக் அக்காவும் பேசும் பெட்டியும்

“டூ நாட் டியர் யுவர் டிக்கெட்” என்று ஒலிபெருக்கி சொன்னதும் மைக் அக்காவின் கையிலிருந்த டீ புடவையில் கொட்டியது.

சூடு உறைக்கவில்லை. காதில் விழுந்ததை நம்ப முடியாமல் அப்படியே நின்றாள்.

“என்ன சொல்லுது இது?”

“டிக்கெட்டைக் கிழிக்காதீங்கன்னு சொல்லுதுக்கா” என்றார் மிஷின்காரர். கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு, தான் கொண்டுவந்து வைத்த சாம்பல் நிறப் பெட்டியைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“கிழிக்கறதுன்னா டேர். இது டியர்ங்குது. டியர்னா கண்ணீருங்க! டிக்கெட்டைப் பார்த்து அழாதீங்கன்னு சொல்லுது!”

“அழத்தான் தோணுது” என்றபடி துடைப்பத்தோடு கடந்து போனாள் கூட்டுகிற அம்மா. “பஸ் வர்ற லட்சணத்துக்கு.”

அந்த வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் அறிவிப்புச் செய்வது மைக் அக்காவின் வேலை. அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வயதில் மூத்த மேனேஜர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்பதை அவள் சொன்னால் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

இப்போது அவள் இடத்துக்குப் பேசும் பெட்டி வந்துவிட்டது. எழுதிக் கொடுத்ததைத் தானே படிக்கும். தமிழை ஒப்புக்கு ஓட்டிவிட்டது. இங்கிலீஷில்தான் சறுக்கியது. ஒரே மாதிரி எழுதிவிட்டு இரண்டு விதமாகச் சொல்கிற வார்த்தைகள் அந்த மொழியில் நிறைய. மனுஷி முன்னும் பின்னும் பார்த்து எது என்று கண்டுபிடித்துவிடுவாள். பெட்டி எதையும் பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னது.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“அக்கா! என்னக்கா இது? வெள்ளிக்கிழமை நம்ம பஸ் கம்பெனி சேர்மன் வர்றார். இந்தப் பொட்டியை வாங்கலாம்னு அவர்கிட்ட அடிச்சுப் பேசினவன் நான்!”

“அதை என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? என் வேலையைப் பறிக்க வந்த பொட்டிக்கு நானா வக்காலத்து?”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருங்க. பொட்டி ஒழுங்காப் பேசிட்டா நீங்கதான் அதுக்கு மேற்பார்வையாளர். தனி நாற்காலி, தனி ஃபேன். அதைப் பழக்கிவிடறது உங்க பொறுப்பு. சொதப்பிச்சுன்னு வைங்க, வாங்கின நானும் வீட்டுக்கு, பழக்கின நீங்களும் வீட்டுக்கு.”

மைக் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வீட்டில் கணவர் தையல் மிஷின் வைத்திருந்தார். ஆனால் மாதம் பிறந்தால் தவறாமல் வருவது அவளுடைய சம்பளம் ஒன்றுதான். மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள்.

“சரி. இதை எப்படித் திருத்தறது?” என்று மிஷின்காரரிடம் கேட்டாள்.

“ரொம்ப சுலபம்க்கா. எப்படிச் சொல்லணுமோ அப்படியே எழுத்துக்கூட்டி அடிச்சுடுங்க. அது என்ன ஸ்பெல்லிங்கா பார்க்குது?”

அவர் சொன்னபடியே செய்தாள். கிழிக்கிற டேரை வேறு எழுத்துகளில் அடித்தாள். நிமிஷத்தைக் குறிக்கும் ‘மினிட்’டை ‘மைநியூட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது பெட்டி. அதையும் கொச்சையாக அடித்தாள். பெட்டி கிளிப்பிள்ளைபோலச் சொன்னது. “டூ நாட் டேர் யுவர் டிக்கெட்.” அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை டீ ஆறும் நேரம்கூட நிற்கவில்லை.

“அக்கா... அக்கா... வெளியே வந்து பாருங்க!” மேனேஜரின் குரல் கீச்சென்று ஒலித்தது.

கூடத்தில் பெரிய மின் பலகை. பெட்டிக்குக் கொடுக்கிற எழுத்துதான் அதிலும் ஓடும். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் கொச்சையாக அடித்த அத்தனை இங்கிலீஷும் சிவப்பு எழுத்தில், ஆள் உயரத்துக்கு, பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்குக் கீழே பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் வகுப்பு மொத்தத்தையும் நிறுத்திவைத்து, “எங்கெங்க தப்பு இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

மைக் அக்கா அறைக்குள் திரும்பி ஓடினாள்.

“யோவ்!” என்று மிஷின்காரரிடம் பாய்ந்தாள். “பலகையிலயும் இதுதான் ஓடும்னு சொல்லவே இல்லையே!”

“நீங்க கேக்கலயேக்கா” என்றார் அவர். “கவலைப்படாதீங்க. இன்னொரு வழி இருக்கு. ஸ்பெல்லிங்கை மாத்தாம, இந்த வார்த்தையை எப்பவும் இப்படித்தான் சொல்லணும்னு அதுக்குக் கத்துக்குடுத்துடலாம்.”

அன்று முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாள். உயிருள்ள பிராணிகளை பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதில் வரும் ‘லைவ்’வை இந்தப் புண்ணியவான் பெட்டி ‘லிவ்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ‘லைவ்’ என்றே எப்போதும் சொல் என்று தலையில் தட்டாத குறையாகப் பழக்கினாள். சொன்னது. பலகையிலும் எழுத்து சரியாக ஓடியது. நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தாள்.

“வீ லைவ் ஃபார் யுவர் ஜர்னி!” என்று கணீரென்று முழங்கியது பெட்டி.

பை கையிலிருந்து நழுவியது.

‘உங்கள் பயணத்துக்காகவே வாழ்கிறோம்’ என்பது கம்பெனியின் முழக்கம். வாழ்கிறதற்கு ‘லிவ்’. இவள் பழக்கின பழக்கத்தில் அங்கேயும் ‘லைவ்’ புகுந்து, உங்கள் பயணத்துக்காக நேரடி ஒளிபரப்பில் இருக்கிறோம் என்பதுபோல ஆகிவிட்டது.

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, அந்த முழக்கத்தை எழுதினது யார் தெரியுமா?”

“விளம்பரக்காரங்களா?”

“சேர்மன்! அவரே குளிக்கும்போது யோசிச்சு எழுதினது. குளியலறையிலேர்ந்து ஈரத்தோட ஓடி வந்து எழுதினாராம். அதுல கை வைச்சா ஆளைக் கொன்னே போடுவார்!”

மறுபடி ‘லிவ்’வுக்கு மாற்றினாள். முழக்கம் சரியானது, பிராணிகள் கெட்டன. வேறு வழி தோன்றாமல் பிராணி அறிவிப்பிலிருந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும், தமிழிலும் சேர்த்தே, தூக்கினாள். ‘பஸ்ஸில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை’ என்று மொட்டையாக நின்றது. ஒரு வார்த்தை குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் வாசல் காவலாளி ஒரு சமையல்காரரைத் தடுத்து நிறுத்தினார். அந்தக் காவலாளிக்கு ஒலிபெருக்கி சொல்வதுதான் சட்டம்.

“பையில என்ன?”

“உரிச்ச கோழி. ஓட்டலுக்குக் கொண்டு போறேன். விடுய்யா, பஸ் கிளம்பிடும்.”

“கோழி பிராணிதானே?”

“உரிச்சாச்சுய்யா!”

“நேத்து வரைக்கும் உயிரோட இருந்தாத்தான் கூடாது. இன்னிக்கு அந்த வார்த்தையை எடுத்துட்டாங்க. செத்தாலும் பிராணி பிராணிதான்.”

“அப்ப நீ எப்படிய்யா உள்ள நிக்கிறே?”

அவ்வளவுதான். காவலாளி தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். சமையல்காரர் கோழிப் பையை மணிக்கட்டில் சுற்றினார். பின்னால் நின்றவர்கள் தள்ள, முன்னால் நின்றவர்கள் திட்ட, வாசலே அமளிதுமளிப்பட்டது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி பேசியது.

“ப்ளீஸ் ஸ்டாண்ட் இன் எ ரௌ.”

வரிசை என்றால் ‘ரோ’. ‘ரௌ’ என்றால் சண்டை. அத்தனை நாளில் அந்தப் பெட்டி இடம் பொருள் அறிந்து பேசியது அந்த ஒரு முறைதான்.

மைக் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் சமையல்காரரின் பஸ் போய்விட்டிருந்தது. கோழியோடு நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்து, பையை மேசைமேல் வைத்து, “நீயே வச்சுக்க!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வந்தபோது அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. ஒரு வார்த்தையைத் தட்டினால் இன்னொன்று கோணிக்கொள்கிறது. அதனால் இரட்டை நாக்கு உள்ள வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். ‘விண்ட்’ ‘வைண்ட்’ ஆனதால் காற்றைப் பற்றிய எச்சரிக்கை போயிற்று. வரிசை போயிற்று. ‘ரெஃப்யூஸ்’ ‘ரிஃப்யூஸ்’ ஆனதால் குப்பையைத் தொட்டியில் போடுவது போயிற்று. கடைசியில் பெட்டி வாய் திறந்தால், “பஸ். கோயிங். கம்.” என்கிற மட்டுக்கு வந்து நின்றது.

அதையும் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே முழுங்கி முழுங்கிச் சொன்னது. நாள் முழுக்க அதையே கேட்டுக் கேட்டு, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் தன்னை அறியாமல் சொன்னாள்.

“சாப்பாடு. தயாரா. தயவுசெய்து. பதில். சொல்லவும்.”

கணவர் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. “ஏம்மா? உடம்புக்கு என்ன? எங்கேயாவது விழுந்தியா?”

“உடம்பு. நன்றாக. உள்ளது.”

“ஐயையோ! பாப்பா, அம்மாவைப் பாரு!”

மகள் ஓடி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, அம்மா பொட்டி மாதிரி பேசறாங்கப்பா!”

மைக் அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். “நாளைக்கு அது சொதப்பிட்டா என்னங்க செய்யறது? இந்த வயசுல எனக்கு யார் வேலை குடுப்பாங்க? எனக்குப் பேசறதைத் தவிர என்ன தெரியும்?”

“வாயிருக்கறவ எதுக்கும்மா பயப்படறே?” என்றார் கணவர். கத்தரிக்கோலைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கூடத்தில், அறிவிப்பு அறையின் கதவை ஒட்டி, பூ ஜாடி வைத்து அலங்கரித்திருந்தார்கள். முன்னால் ஒரு விசைப்பலகை. அதில் அடித்தால் பெட்டி படிக்க வேண்டும். அதே எழுத்து அறைக்குள் இருக்கும் திரையிலும் தெரியும். மேற்பார்வையாளர் ஆகப்போகிறவள் அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர்மனின் கார் வாசலில் திரும்பியது.

“வெல்கம் டு... டூ... டூஊஊ...” என்று இழுத்தது பெட்டி. கிணற்றுக்குள் விழுந்தவன் குரல்போலத் தேய்ந்து தேய்ந்து, அடங்கிப் போனது.

விளக்கு எரிந்தது. விசைப்பலகை வேலை செய்தது. குரலைத்தான் காணோம்.

மேனேஜர் பேயறைந்தவர்போல அறைக்குள் பாய்ந்தார். “அக்கா! செத்துடுச்சு!”

“யாரு?”

“பொட்டி! யோவ், என்னய்யா ஆச்சு?”

மிஷின்காரர் பின்னாலேயே வந்தார். அந்த இடத்தில் பதறாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். “தொண்டை போயிடுச்சு சார். சரி பண்ண நேரமாகும்” என்றார். பிறகு மேசை ஓரத்தில் தூசி படிந்து கிடந்த பழைய மைக்கை லேசாக அவள் பக்கம் நகர்த்தினார்.

மேனேஜர் மைக்கைப் பார்த்தார். மைக் அக்காவைப் பார்த்தார்.

“அக்கா, நீங்க பேசுங்க!”

“நானா? என் குரல்னு கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?”

“உங்க மாதிரி இல்லக்கா. பொட்டி மாதிரி!”

வெளியே காலடிச் சத்தம். மேனேஜர் வெளியே தாவிக் கதவை இழுத்துச் சாத்தினார். மைக் அக்கா மைக்கை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“வெல்கம். சேர்மன். சார். வீ. லிவ். ஃபார். யுவர். ஜர்னி.”

“பலே!” என்றது வெளியே ஒரு கனத்த குரல். “என் வரியை எவ்வளவு சுத்தமாச் சொல்லுது பாரு!”

“நான் ஒண்ணு கேட்டுப் பார்க்கட்டுமா மாமா?” என்றது ஒரு பெண் குரல். சேர்மனின் மருமகள். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். “இந்த மாதிரி மிஷினெல்லாம் எங்க தடுக்கி விழும்னு எனக்குத் தெரியும்.”

விசைப்பலகை தடதடத்தது. உள்ளே திரையில் எழுத்து ஊர்ந்தது. நான்கு நாட்களாக மைக் அக்கா பிடுங்கி எறிந்த வார்த்தைகளெல்லாம் கைகோத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தன. ஆனால் படிக்கப்போவது பெட்டி இல்லையே! முதுகு நிமிர்ந்தது.

“தேர். வாஸ். எ. ரௌ. இன். தி. ஃப்ரன்ட். ரோ.”

மறுபடி தடதடப்பு.

“ஷீ. ஷெட். எ. டியர். ஓவர். தி. டேர். இன். ஹர். டிக்கெட்.”

“நம்பவே முடியல!” மருமகளின் குரல் நடுங்கியது. “ஒரே எழுத்து, ஒரே வாக்கியம், ரெண்டையும் சரியாப் பிரிச்சுச் சொல்லுது! இது அர்த்தம் புரிஞ்சு படிக்குது மாமா!”

அந்த நேரம் பார்த்து, தூசி படிந்த மைக் தன் வேலையைக் காட்டியது. மைக் அக்கா கையால் பொத்துவதற்குள் ஒரு தும்மல் கூடம் முழுக்க எதிரொலித்தது.

“என்ன அது?” என்றார் சேர்மன். “மிஷின் தும்முது?”

“அது... அது வந்து சார்...” மேனேஜர் இழுத்தார். “மனுஷங்க மாதிரியே இருக்கணும்னு வச்சிருக்காங்க சார்.”

“பிரமாதம்! இந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கு?”

கதவுக் கைப்பிடி திரும்பியது. மைக் அக்கா மேசைக்கு அடியில் குனிந்தாள்.

“திறக்காதீங்க சார்!” மேனேஜர் கிட்டத்தட்ட அலறினார். “உள்ள கரண்ட்டு! தொட்டாத் தூக்கிடும்!”

கைப்பிடி பழைய இடத்துக்குத் திரும்பியது. மேசைக்கு அடியில் அவள் போன உயிரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தாயிற்று. தனி நாற்காலி, தனி ஃபேன்.

“மேனேஜர், அந்த மைக்ல பேசற அம்மா இருந்தாங்களே, அவங்க இப்ப என்ன செய்யறாங்க?”

“இதுக்கு மேற்பார்வை சார். அவங்களே ராத்திரி பகலா உட்கார்ந்து...”

“இவ்வளவு அறிவா பேசற மிஷினுக்கு மேற்பார்வை எதுக்குய்யா? நாளையோட கணக்கை முடிச்சு அனுப்பிடு. நீ இருந்து பார்த்துக்கோ.”

மைக் அக்கா மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தாள். மேனேஜர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். வெளியே தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. பிறகு, “சரி சார்” என்றது அவர் குரல்.

கதவைத் திறந்துகொண்டு போய் நிற்கலாம். நான்தான் பேசினேன், என் வாய்தான் அது என்று கத்தலாம். கத்தினால் ஏமாற்றுக்காரி என்று இன்றைக்கே அனுப்புவார்கள். கத்தாவிட்டால் நாளைக்கு.

திரையில் அடுத்த பஸ் கிளம்பும் நேரம் மின்னியது. பழக்கதோஷம், கை தானாக மைக்கைப் பிடித்தது.

“தி. பஸ். வில். லீவ். இன். ஒன்...” குரல் உடைந்தது. “மினிட்.”

“கேட்டியாம்மா?” என்று மருமகளிடம் சிலிர்த்தார் சேர்மன். “உணர்ச்சிகூட வருது! எனக்கே கண்ணு கலங்குது!”

கார் கிளம்பிப் போனது. மேனேஜர் அறைப் பக்கமே வரவில்லை. மைக் அக்கா தன் டீ டம்ளரையும் சீப்பையும் பையில் போட்டாள். கடைசியாக மைக்கை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். அங்கே மிஷின்காரர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அவரைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“நல்லா இருப்பியாய்யா நீ? ஓட்டை உடைசலைக் கொண்டாந்து வச்சே. அது பேசாம போச்சு, நான் பேசினேன். இப்ப பேசின எனக்கு வேலை இல்ல, பேசாத அதுக்குப் பாராட்டு! எம் பொண்ணு காலேஜுக்கு உங்க பொட்டியா வந்து பணம் கட்டும்?”

“அக்கா, நாளன்னிக்குக் காலையிலேர்ந்து உங்களால வர முடியுமா? சம்பளம் இங்க வாங்கினதைவிடக் கொஞ்சம் கூடவே போட்டுத் தர்றோம்.”

“எங்க வரணும்?”

“இதே ரூமுக்குத்தான். பின்வாசல் சாவியை நான் வாங்கிட்டேன். கம்பெனி மட்டும் எங்களோடது.”

“எதுக்கு?”

“பேசறதுக்கு.”

“பேசறதுக்குத்தான் பொட்டி இருக்கேய்யா! இன்னிக்கு ரிப்பேர். நாளன்னிக்குள்ள சரி பண்ணிட மாட்டே?”

மிஷின்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரகசியம்போல அவள் காதருகே குனிந்தார்.

“எந்த ஊர்லயும் எங்க பொட்டி ஒரு வாரத்துக்கு மேல பேசினதே இல்லக்கா, அதுக்கப்புறம் எல்லா இடத்துலயும் கதவுக்குப் பின்னால ஒரு அக்காதான்.”